குருதியின் கணக்கும் வானின் கணக்கும்

வானோடிக்கு அரசு தரும் மருத்துவத் தகுதிச் சான்றிதழை உடல்நலத்திற்கான நற்சான்று என்று கருதுவோர் பலர். உண்மையில் அது ஓர் எதிர்காலக் கணிப்பு. குறித்த நாள் வரை இவர் வானில் இருக்கும்போது திடீரென நினைவு தப்பவோ, கை கால் செயலிழக்கவோ வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர் மதிப்பிடுகிறார். அரசு அதை ஏற்றுக்கொள்கிறது. நாட்பட்ட முழங்கால் வலி அந்தக் கணிப்பை அசைக்காது. நொடிப்பொழுதில் அறிவை மறைக்கக்கூடிய எதுவும் அதை அசைத்துவிடும். இந்தக் கணிப்புமுறைக்கு நீரிழிவு வைத்த சோதனை தனித்தன்மையுடையது. இங்கே நோயைக் காட்டிலும் நோய்க்குத் தரும் மருந்தே வானில் அச்சத்திற்குரியதாக நின்றது.

அமெரிக்கக் கூட்டரசின் வான்போக்குவரத்து ஆட்சியகம் வகுத்த மருத்துவ விதிகளில், தகுதியிழப்புக்குரியவை என்று வெளிப்படையாகப் பெயர் சுட்டப்பட்ட நிலைகள் 15. வலிப்பு நோய், நெஞ்சடைப்பு, இதய மாற்று போன்றவற்றின் வரிசையில் நீரிழிவும் இருக்கிறது. ஆனால் விதியின் சொற்களை ஊன்றிப் படித்தால் ஒரு நுட்பம் தெரியும். நீரிழிவு உடையவர் என்று அது பொதுப்படக் கூறவில்லை; இன்சுலினோ குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தும் வேறு மருந்தோ தேவைப்படும் நீரிழிவு என்றே கூறுகிறது. உணவாலும் உடற்பயிற்சியாலும் மட்டுமே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் அந்த வரிக்குள் வருவதில்லை. சட்டம் இயற்றியவர்களின் பார்வை எங்கே நிலைத்திருந்தது என்பதை இந்தச் சொல்லாட்சியே காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் பார்வைக்கு உடலியல் அடிப்படை உண்டு. மாந்த மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. தசை கொழுப்பை எரித்தும் வாழும். மூளைக்கு நாள்தோறும் குளுக்கோசு வேண்டும். சேமித்து வைக்கும் கிடங்கோ அதனிடம் மிகச் சிறிது. நூறு மில்லிலிட்டர் குருதியில் குளுக்கோசு 70 மில்லிகிராம் அளவுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது உடல் முதலில் எச்சரிக்கும்: வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அடங்காப் பசி. ஏறத்தாழ 54 என்னும் அளவுக்குக் கீழே போனால் மூளையே தடுமாறும். எண்களைக் கூட்டுவது கடினமாகும். ஒரே கருவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும். தான் தடுமாறுகிறோம் என்பதை உணரும் திறனும் அதே மூளையில்தான் இருக்கிறது என்பதே இதன் கொடுமை.

அதனினும் கொடிது ஒன்றுண்டு. அடிக்கடி தாழ்சர்க்கரைக்கு ஆளானவரின் உடல் அந்தத் தாழ்நிலைக்குப் பழகிவிடும். வியர்வையும் நடுக்கமும் வரவேண்டிய நேரத்தில் வாரா. முன்னறிவிப்பின்றி நேரே மயக்கத்தில் கொண்டுபோய் விடும் இந்த நிலையைத்தான் வானூர்தி மருத்துவர்கள் பெரிதும் அஞ்சுகின்றனர். உயர்சர்க்கரையின் போக்கு வேறு. அது மெல்ல ஏறும். விடாய், அடிக்கடி சிறுநீர், மங்கல் பார்வை என மணிக்கணக்கில் அடையாளம் காட்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல விழித்திரையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் அரிக்கும். அந்த அரிப்பை ஆண்டுதோறும் கண் ஆய்வாலும் இதய ஆய்வாலும் கண்டுகொள்ள முடியும். அரை மணியில் வந்து போகும் தாழ்சர்க்கரையை எந்த ஆண்டுச் சோதனை கண்டுபிடிக்கும்?

மருந்துகளும் ஒரே தன்மையின அல்ல. மெட்பார்மின் கல்லீரல் குருதியில் கொட்டும் குளுக்கோசைக் குறைக்கும். தனித்து உண்ணும்போது தாழ்சர்க்கரையை அரிதாகவே உண்டாக்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சல்போனைல்யூரியா வகை மாத்திரைகளோ, வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். ஒரு வேளை உணவு தள்ளிப்போனால் இடர். வானோடியின் வேலையில் உணவு தள்ளிப்போகாத நாள் அரிது! ஊசிவழிச் செல்லும் இன்சுலின் இவை எல்லாவற்றிலும் வலியது. ஒருமுறை செலுத்திவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. எழுதப்பட்ட விதி இம்மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியபோதும், நடைமுறை அவற்றைப் பிரித்தே பார்க்கிறது. மாத்திரை உண்பவர்க்குப் பல ஆண்டுகளாகவே தனி இசைவுக்கு வழி இருந்தது. இன்சுலின் செலுத்திக்கொள்பவர்க்குக் கதவு முற்றிலும் மூடியிருந்தது.

எவ்வளவு இடர் வரை ஏற்கலாம் என்பதற்கு வானூர்தி மருத்துவத்தில் ஓர் அளவுகோல் உண்டு. 1980களில் இதயநோய் மருத்துவர்கள் வகுத்த அதனை ஒரு விழுக்காட்டு விதி என்பர். ஓராண்டில் ஒருவர் செயலிழக்கும் வாய்ப்பு 1 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது அதன் சாரம். இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஓராண்டில் 8,760 மணி. கணக்குக்கு எளிதாகப் பத்தாயிரம் என்று கொள்வோம். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்றால் மணிக்குப் பத்து இலக்கத்தில் ஒன்று. ஒரு பறப்பில் ஏறுதல், இறங்குதல் போன்ற நெருக்கடியான பொழுது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பொழுதில் ஒருவர் சாய்ந்துவிட்டாலும், அருகிலுள்ள இரண்டாம் வானோடி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை ஊர்தியைக் காத்துவிடுவார் என்று பயிற்சிக்கூடச் சோதனைகள் காட்டின. இவற்றைப் பெருக்கினால் மணிக்கு நூறு கோடியில் ஒன்று என்று வரும். மருத்துவக் காரணத்தால் நேரும் உயிர்ச்சேதத்திற்குத் திட்டமிடுவோர் ஒதுக்கிய பங்கும் அதுவே. இந்தக் கணக்கின் முதுகெலும்பு அந்த இரண்டாம் வானோடி என்பதை மறக்கலாகாது. தனியே பறப்பவர்க்கு அந்த நூற்றில் ஒன்று என்னும் கழிவு கிடையாது.

இன்சுலின் எடுப்பவரை இந்த அளவுகோலில் நிறுத்துவதற்கு முதலில் அவர் குருதியில் நடப்பதை அறிய வேண்டும். நெடுங்காலம் அதற்கு வழியே இல்லை. 1922 சனவரியில் டொராண்டோ மருத்துவமனையில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளியின் வீட்டில் இருந்த ஒரே அளவி சிறுநீர்ச் சோதனை. சிறுநீரகம் பொதுவாகக் குருதியில் 180 மில்லிகிராம் அளவைத் தாண்டிய பிறகே சர்க்கரையைச் சிறுநீரில் விடும். ஆகவே அந்தச் சோதனை உயர்வைக் காட்டும், அதுவும் சில மணி பிந்தி; தாழ்வைக் காட்டவே காட்டாது. 90 இருந்தாலும் 40 இருந்தாலும் அதற்கு ஒன்றே. ஒரு துளிக் குருதியில் அளந்து சொல்லும் சோதனைப் பட்டை 1965இல்தான் வந்தது. அதன் நிறத்தைப் படிக்கும் கருவி 1970களின் தொடக்கத்தில் வந்தபோது ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவரின் மேசைக்கே உரியதாயிருந்தது. செங்குருதியணுவின் ஈமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்து முந்தைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனை அதற்கும் பிந்தியே பரவியது. அக்காலத்து ஆட்சியாளர்களை இரக்கமற்றோர் என்று பழிப்பது எளிது. என் கருத்தில் அவர்கள் இட்ட தடை அன்றைக்கு நேர்மையானதே. காண முடியாத இடரை ஏற்றுக்கொள்ளுமாறு பயணிகளை யாரும் கேட்க இயலாது.

இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான பிரெடரிக் பாண்டிங்கின் வாழ்வு இங்கே வந்து முட்டுவது வியப்பு. 1923இல் நோபெல் பரிசு பெற்ற அவர், பிற்காலத்தில் கனடாவின் வானூர்தி மருத்துவ ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கூர்ந்த திருப்பங்களில் வானோடியின் மூளைக்குக் குருதி வற்றிப்போகாமல் காக்கும் நீர் நிரப்பிய உடையை வில்பர் பிராங்க்சு உருவாக்கியது அவருடைய ஆதரவில்தான். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட ஒரு குண்டுவீச்சு வானூர்தி நியூபவுண்டுலாந்தில் வீழ்ந்தபோது அதில் இருந்த பாண்டிங் உயிர் துறந்தார். தாம் உயிர் மீட்ட நோயாளிகள் வானோடியாவது பற்றி அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

கதவு முதலில் சிறிதே திறந்தது 1996இல். வாடகை பெறாமல் தம் மகிழ்ச்சிக்காகப் பறப்போர்க்குரிய மூன்றாம் வகுப்புச் சான்றிதழை இன்சுலின் எடுப்போர்க்கும் தனித்தனியே ஆய்ந்து வழங்க அமெரிக்க ஆட்சியகம் அவ்வாண்டு இசைந்தது. முன்னைய ஐந்தாண்டுகளில் மீண்டும் மீண்டும் நினைவிழந்திருக்கலாகாது. பிறர் கை கொடுத்து மீட்கும் நிலை திரும்பத் திரும்ப வந்திருக்கலாகாது. மூன்று திங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். பறப்புக்கு அரை மணி முன்பு விரலில் குத்திக் குருதி பார்க்க வேண்டும். வானில் மணிக்கொரு முறை. இறங்குவதற்கு அரை மணி முன்பு மறுபடியும். 100க்குக் கீழ் இருந்தால் 20 கிராம் குளுக்கோசு உண்ண வேண்டும். 300ஐத் தாண்டினால் அருகிலுள்ள தக்க நிலையத்தில் இறங்கிவிட வேண்டும்.

இந்த நெறிமுறையில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு விலக்கு. காற்றுக் கொந்தளிப்பிலோ முகில் நடுவிலோ ஊர்தியைச் செலுத்துவதே பெரும்பாடாக இருக்கும் வேளையில், விரலைக் குத்துவதற்காகக் கையை எடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. அளக்காமலே 10 கிராம் குளுக்கோசை வாயிலிட்டுக்கொள். அடுத்த மணியில் அள. அப்போதும் முடியவில்லையா, 20 கிராம் உண்டுவிட்டு இறங்கு. மருத்துவ விதியை எழுதியவர் வானோடியறையில் உட்கார்ந்து பார்த்தவர் என்பது இந்த வரியில் தெரிகிறது. ஊர்தியைப் பறக்கவிடுவதே முதல் கடமை, மற்றவை பிறகு. குறை ஒன்றும் சொல்ல வேண்டும். 100 முதல் 300 வரை என்னும் இந்த அகன்ற எல்லை, சர்க்கரையைச் சற்று உயர்த்தியே வைத்துக்கொள் என்று சொல்லாமல் சொல்கிறது. வீட்டில் மருத்துவர் வேண்டுவது ஒன்று, வானில் சட்டம் வேண்டுவது வேறொன்று. சில மணி நேரப் பறப்புக்கு அது பெருந்தீங்கு செய்யாது. வாழ்நாள் தொழிலாகக் கொள்வார்க்கு அது சிறு செய்தி அன்று.

தொழில்முறை வானோடிகளுக்கு வழிவிட்டதில் கனடா முந்திக்கொண்டது. 2002இல், உடன் மற்றொரு வானோடி இருக்க வேண்டும் என்னும் கட்டுடன். பிரித்தானியா 2012இல் தொடர்ந்தது. அயர்லாந்தும் பின்பு ஆத்திரியாவும் அதே நெறிமுறையைத் தழுவின. அங்கே அளவுகள் வண்ணம் பெற்றன. 90 முதல் 270 வரை பச்சை. அதற்குச் சற்றுக் கீழும் மேலும் மஞ்சள். 72க்குக் கீழும் 360க்கு மேலும் சிவப்பு. சிவப்பில் அகப்பட்டவர் ஊர்தியின் கட்டுப்பாட்டை மற்றவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒவ்வோர் அளவீடும் பதிவேட்டில் ஏறும். உடன் பறப்பவருக்கும் இந்நெறிமுறை தெரிந்திருக்கும்.

அந்தப் பதிவேடுகளைத் திரட்டி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். 49 வானோடிகள், 22,078 பறப்பு மணிகள், 38,621 அளவீடுகள். அவற்றுள் 97.69 விழுக்காடு பச்சை. தாழ்சிவப்பு 48 முறை, அதாவது 0.12 விழுக்காடு. வானில் ஒருவர்கூடச் செயலிழக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தியையே பலரும் முழங்குகின்றனர். எனக்கோ அது இந்த ஆய்வின் மிக வலுக்குறைந்த பகுதியாகப் படுகிறது. புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒரு நிகழ்வு ஒருமுறையும் நேரவில்லை என்றால், மூன்றை மொத்த மணிகளால் வகுத்து வரும் எண்வரை உண்மை வாய்ப்பு இருக்கக்கூடும். மூன்றை 22,078ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,400 மணிக்கு ஒன்று. நமக்கு வேண்டியதோ பத்து இலக்க மணிக்கு ஒன்று. அதைச் சுழியை மட்டும் காட்டி மெய்ப்பிக்க வேண்டுமாயின் ஏறத்தாழ முப்பது இலக்கம் மணி ஒருவரும் சாயாமல் பறந்தாக வேண்டும். நாற்பத்தொன்பது பேரால் அது ஆகிற செயலன்று.

ஆய்வின் மெய்யான வலிமை அளவீடுகளில் இருக்கிறது. மயக்கம் என்பது 100இலிருந்து ஒரே தாவலில் வருவதில்லை. 90, 80, 70 எனப் படியிறங்கித்தான் வரும். மணிக்கொருமுறை அப்படிகளைக் கண்காணித்து, மஞ்சளிலேயே 10 அல்லது 15 கிராம் மாவுச்சத்து உண்டு திரும்பியவர்களின் வரலாறு அந்த எண்களில் எழுதப்பட்டிருக்கிறது. பச்சைக்கு வெளியே போன அளவீடுகள் 2013இல் 5.7 விழுக்காடு, 2019இல் 1.2 விழுக்காடு. கருவிகள் மேம்பட்டன, மனிதரும் கற்றுக்கொண்டனர். இடையில் ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம்: காலையுணவைத் தவறவிட்டு, நான்கு மணி உறக்கத்தோடு பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நலமுள்ள வானோடியின் உடல்நிலையை அந்த வேளையில் யாரும் அளப்பதில்லை.

அமெரிக்காவில் பயணியர் ஊர்தி ஓட்டுவதற்கான முதல் வகுப்புச் சான்றிதழ் இன்சுலின் எடுப்போர்க்கு 2019 நவம்பர் வரை எட்டாக் கனியாகவே இருந்தது. அதற்கு முன் ஒரு வானோடி வழக்குத் தொடுத்தார். தோலடியில் செருகிய நுண்ணிழையால் இடைவிடாது குளுக்கோசை அளக்கும் தொடரளவியின் பதிவுகளைத் தந்தால்தான் மனுவைப் பார்ப்போம் என்று ஆட்சியகம் அவரிடம் கூறியிருந்தது. 2016இல் வாசிங்டன் முறையீட்டு நீதிமன்றம், இது மறுப்புக்கு ஒப்பானது, காரணத்தைக் கூறுக என்று திருப்பி அனுப்பியது. மூன்றாண்டுகள் கழித்து வந்த புதிய நெறிமுறையின் அடித்தளமாகவே அந்தத் தொடரளவி அமைந்தது. குறைந்தது ஆறு திங்கள் நிலைத்த கட்டுப்பாடு, தொடரளவியின் பதிவுகள், அகச்சுரப்பியல் வல்லுநரின் அறிக்கை, கண் ஆய்வு, அகவைக்கேற்ப இதய ஆய்வு ஆகியன ஓக்லகோமா நகரிலுள்ள வானூர்தி மருத்துவச் சான்றளிப்புப் பிரிவுக்குச் செல்லும். ஊரிலுள்ள தேர்வு மருத்துவர் தாமே கையெழுத்திட்டுத் தந்துவிட முடியாது. 2020இல் முதல் வகுப்புச் சான்றிதழ்கள் வரத் தொடங்கின.

சராசரி ஏன் போதாது, தொடரளவி ஏன் வேண்டும்? 50இலும் 250இலும் மாறி மாறி அலைபவரும், 150இல் அமைதியாக நிற்பவரும் எச்பிஏ1சியில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். தொடரளவி பெரும்பாலும் ஐந்து மணித்துளிக்கு ஒருமுறை அளந்து அலைவையே வரைந்து காட்டுகிறது. எத்திசையில் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அம்புக்குறியிட்டுச் சொல்கிறது. தாழுமுன் ஒலியெழுப்புகிறது. உடல் எச்சரிக்கத் தவறிய இடத்தில் கருவி எச்சரிக்கிறது. ஆயினும் அது அளப்பது குருதியை அன்று, உயிரணுக்களுக்கிடையிலுள்ள நீரை. குருதியில் நேர்ந்த மாற்றம் அந்நீரை எட்டச் சில மணித்துளிகள் ஆகும். விரைந்து இறங்கும் வேளையில் திரையில் 85 என்று தோன்றும்போது குருதி அதற்கும் கீழே போயிருக்கும்.

உயரமும் தன் பங்குக்கு விளையாடும். பயணியர் ஊர்தியின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி மலையுச்சி அளவுவரை குறையக்கூடும். உயிர்வளியோடு வினைபுரியும் நொதியைக் கொண்ட சில சோதனைப் பட்டைகள் உயிர்வளி குறைந்த இடத்தில் அளவைச் சற்றுப் பிறழக் காட்டும். வேறு நொதியைக் கொண்டவை அவ்வளவாகப் பிறழா. இன்சுலினை இடையறாது செலுத்தும் இடுப்புக் கருவியில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. சோடாக் குப்பியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதுபோல, அழுத்தம் குறையும்போது இன்சுலினில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். முன்பே இருந்த குமிழிகள் விரியும். இடம் போதாமல் இன்சுலின் குழாய்வழி உடலுக்குள் தள்ளப்படும். முழுதாக நிரப்பிய கருவியில் இது ஏறத்தாழ ஓர் அலகு என்று ஆத்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் அளந்து காட்டினர். இறங்கும்போது குமிழி சுருங்கி, வரவேண்டிய இன்சுலின் சிறிது குறையும். பெரியவர் ஒருவர்க்கு ஓர் அலகு பெரிதன்று. ஆனால் அது வந்து சேரும் பொழுதைப் பாருங்கள்: ஊர்தி மேலெழும் நெருக்கடிப் பொழுதுக்கு அடுத்து. புறப்படுமுன் குமிழிகளை நீக்குவதும், சிறிதளவே நிரப்புவதும், மேலே ஏறிய பின் மறுபடி பார்ப்பதும் எளிய தற்காப்பு.

இத்தனை படிகளும் மெய்யுரைத்தலின் மேல் நிற்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் நோயை மறைத்தால் 2,50,000 டாலர் வரை தண்டமோ ஐந்தாண்டு வரை சிறையோ என்று அப்படிவமே அச்சிட்டு எச்சரிக்கிறது. சான்றிதழ் சட்டைப்பையில் இருப்பதும் முடிவான உரிமையன்று. இன்று பறக்கத் தகாத நிலையில் இருக்கிறேன் என்று தமக்கே தெரிந்த ஒருவர், சான்றிதழின் காலம் எஞ்சியிருந்தாலும் பறக்கலாகாது என்பது அமெரிக்க விதி. நோயறிந்த நாளில் வானோடி செய்யத்தக்கது, தாமே தரையில் நின்றுகொண்டு பதிவுகளைத் திரட்டத் தொடங்குவதுதான். அஞ்சி மருத்துவரையே காணாதிருப்பது இவ்வுலகில் உள்ள மிகப் பழைய ஏமாற்று; கவனியாமல் விட்ட நீரிழிவு வானுக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று.

நாட்டெல்லையைத் தாண்டும்போது இந்த வெற்றி சுருங்குகிறது. ஐகாவோ எனப்படும் பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் பொது நெறி, இன்சுலின் எடுப்பவரைத் தகுதியற்றவர் என்றே மதிப்பிடச் சொல்கிறது. உணவாலோ ஏற்புடைய மாத்திரையாலோ கட்டுப்பட்ட நீரிழிவுக்கு மட்டும் இடமளிக்கிறது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் தத்தம் பொறுப்பில் அதனின்று விலகிச் சென்றுள்ளன. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு, பொது நெறிக்கு முழுதும் பொருந்தாத உரிமத்தில் அந்தக் குறையைப் பொறிக்கச் சொல்கிறது. 40ஆம் பிரிவு, அத்தகைய உரிமத்தோடு மற்றொரு நாட்டின் வானில் நுழைய அந்நாட்டின் இசைவு வேண்டும் என்கிறது. இந்தியா உட்பட உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் இவ்விரு பிரிவுகளும் பொருந்தும். ஆகவே நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு இருநூறு பயணிகளைச் சட்டப்படி அழைத்துச் செல்லும் வானோடி, அதே ஊர்தியில் அதே தொடரளவியோடு வேற்றுநாட்டு நகரொன்றுக்குப் புறப்பட வேண்டுமாயின், அந்நாட்டு அரசிடமிருந்து இசைவு வரும் வரை காத்திருக்க வேண்டும்.